அந்த நாலு பேர் யார்?

(ஓரிக்கையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தியோ கேலியாகவோ மட்டுமே பேசப்படுகிற ஒரு விஷயத்தை இன்று வெளிச்சத்தில் வைத்துப் பேசப் போகிறேன். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், இருபாலரையும் நேசிக்கக்கூடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஓரிக்கையிலும் இருப்பார்கள். இந்தக் கூட்டத்திலேயே யாராவது இருக்கலாம். அவர்கள் காதிலும் விழும் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு சொல்லையும் பேசுகிறேன்.

2021ஆம் ஆண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்தார்கள். இருவரும் மேஜர். ஒருவரை ஒருவர் நேசித்தார்கள், சேர்ந்து வாழ விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. மகளைக் காணவில்லை என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரணை என்று போலீஸ் வந்தது. பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

'வயது வந்தவர்கள், பாதுகாப்பு கொடுங்கள்' என்று சுருக்கமாக உத்தரவு போட்டு அவர் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. அந்தப் பெண்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் உளவியல் நிபுணர் வித்யா தினகரனிடம் ஆலோசனைக்கு அனுப்பினார். அவர் எல்லோரிடமும் பேசி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். பெண்கள் இருவரும் தங்கள் உறவைப் பற்றித் தெளிவாக இருந்தார்கள். குழப்பம் இல்லை, யாரும் மயக்கிக் கூட்டிவந்ததும் இல்லை. படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அம்மா அப்பாவோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். பெற்றோர் மனம் மாறும்வரை காத்திருக்கத் தயார் என்றார்கள். ஓடிப்போன பிள்ளைகள் என்று ஊர் பேசுமே, அந்தப் பிள்ளைகள் கேட்டது இவ்வளவுதான்.

பெற்றோர் சொன்னதும் அந்த உத்தரவில் பதிவாகியிருக்கிறது. சமூகத்தில் தலைகுனிவு, மகள்களின் பாதுகாப்பு, வம்சம் என்ன ஆகும், இப்படிப் பல கவலைகள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைவிட, எங்கள் மகள்கள் கடைசிவரை கல்யாணமே இல்லாமல் தனியாக வாழ்ந்தால்கூட அது கௌரவம் என்றார்கள்.

நான் பல வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவள். பெற்றோர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வம்சம் விளங்க வேண்டும், பேரன் பேத்தி பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான கவலை என்றால், மகள் தனியாக வாழ்ந்தாலும் பேரன் வரப்போவதில்லையே! வயதான காலத்தில் மகளுக்குத் துணை வேண்டும் என்பது கவலை என்றால், அவள் தேடிக்கொண்ட துணையை எதற்காகப் பறிக்க வேண்டும்? ஆக, வம்சமும் இல்லை, துணையும் இல்லை. அந்தப் பெற்றோரை ஆட்டிவைத்தது வேறு ஒன்று. நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த நாலு பேருக்குப் பயந்துதான், பெற்ற மகள் ஆயுசுக்கும் தனிமையில் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தாயும் தகப்பனும் சொல்லும் நிலைக்கு வருகிறார்கள்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பயப்படுகிற அந்த நாலு பேர் யார்? கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், ரேஷன் கடை வரிசையில் நின்று விசாரிக்கிறவர்கள், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், பங்காளிகள். நாம்தான் அந்த நாலு பேர். அதனால்தான் இந்தப் பேச்சைப் பெற்றோரிடம் மட்டும் பேசாமல் ஊரிடம் பேசுகிறேன்.

அந்த நீதிபதி அடுத்து செய்த காரியம்தான் என்னை இங்கே பேச வைத்தது. 2021 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவில், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று எழுதினார். தீர்ப்பு மனத்திலிருந்து வர வேண்டும், அதற்கு முதலில் தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, அதே உளவியல் நிபுணரிடம் தனக்கும் வகுப்பு எடுக்கும்படி கேட்டார். பிறகு தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரிடமும், மருத்துவம் படித்த ஒரு திருநங்கையிடமும், அந்தத் திருநங்கையின் தாயாரிடமும் உட்கார்ந்து பேசினார். ஜூன் 7ஆம் தேதி தீர்ப்பில் அவர்களைத் தன் குரு என்றே குறிப்பிட்டார். அறியாமையைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்த முடியாது என்றும் எழுதினார். உயர் நீதிமன்ற நாற்காலியில் இருப்பவர், கோடிக்கணக்கான பேர் பார்க்கும் இடத்தில், எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நம் மாநிலத்தில் நடந்த இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அவர் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் நாமும் கற்றுக்கொள்வோம்.

பாலீர்ப்பு என்பது ஒருவருடைய மனமும் உடலும் யாரை நாடுகின்றன என்பது. பாலின அடையாளம் வேறு. நான் ஆணா, பெண்ணா என்று ஒருவர் உள்ளுக்குள் தன்னை உணர்வது அது. திருநங்கைகளை நாம் பார்த்திருக்கிறோம். கூவாகம் திருவிழா தெரியும், 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு நல வாரியம் அமைத்ததும் தெரியும். அதனால் ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசித்தால் அவனும் பெண்ணாக மாற நினைப்பவன் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. அவன் தன்னை ஆணாகவே உணர்கிற ஆண். லாரி ஓட்டுவான், தறி நெய்வான், கபடி ஆடுவான். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மென்மையாக நடக்கிற பையனெல்லாம் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பதும் தவறு. அப்படிப்பட்ட பையன்களை மற்ற பிள்ளைகள் 'ஒன்பது' என்று கூப்பிடுவதை வகுப்பறையில் நானே கேட்டிருக்கிறேன். இதில் வேதனை என்னவென்றால், கூப்பிடப்படுகிற பையனைவிட, பக்கத்து பெஞ்சில் ஒன்றும் தெரியாதவன்போல உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையன்தான் பல நேரம் நடுங்கிக்கொண்டிருப்பான். உண்மை தெரிந்தால் நமக்கும் இந்தப் பெயர்தான் என்று அவனுக்குத் தெரியும்.

இது நோயா? 1957இல் ஈவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். எல்லோருக்கும் ஒரே உளவியல் சோதனைகள். முடிவுகளைப் பெயரில்லாமல் அந்தக் காலத்துப் பெரிய நிபுணர்கள் மூவரிடம் கொடுத்து, யார் யார் என்று பிரித்துக் காட்டச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. மனக்கோளாறு என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தக் கோளாற்றைக் கண்ணெதிரே வைத்தபோது நிபுணர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது. இது நோயில்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் பகிரங்கமாக அறிவித்தது.

'சகவாச தோஷம்', 'சினிமா பார்த்துக் கெட்டுப்போனது', 'வயசுக் கோளாறு' என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். 2019இல் ஏறத்தாழ 5 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. இதற்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது, பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு உண்டு, அவற்றை வைத்து ஒருவரின் பாலீர்ப்பைக் கணித்துச் சொல்லவும் முடியாது என்பது அதன் முடிவு. அடித்தாலும் மிரட்டினாலும் மாத்திரை கொடுத்தாலும் பாலீர்ப்பு மாறுவதில்லை என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் மாற்றப் பார்க்கிறோம். முதலில் தாயத்து. பிறகு மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது. அதற்கும் அசையவில்லை என்றால் டாக்டர். கடைசியாக, எல்லா ஊரிலும் பெரியவர்கள் வைத்திருக்கும் மருந்து: 'ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.'

கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் பக்கத்து கிராமங்களில் மிக அதிகமாக நடப்பதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். நான் சொல்வது எந்த ஒரு வீட்டின் கதையும் இல்லை. ஆணை மட்டுமே நேசிக்கத் தெரிந்த ஒருவனுக்கு, தாய் விஷம் குடிப்பேன் என்று மிரட்டியதால் தாலி எடுத்துக் கொடுக்கிறார்கள். அவனுடைய வேதனை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தாலியை வாங்கிக்கொண்ட பெண் என்ன பாவம் செய்தாள்? முதல் மாதத்திலிருந்தே 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று ஊர் அவளைத்தான் கேட்கிறது. கணவன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. தன் நிறத்திலோ உடம்பிலோ குறை இருக்கிறதென்று நினைத்துக்கொள்கிறாள். ஸ்கேன் எடுக்க அவளைத்தான் கூட்டிப்போகிறார்கள், கோயில் கோயிலாக அவள்தான் சுற்றுகிறாள், மலடி என்ற பெயரும் அவளுக்கே. தங்கள் மகன் குணமாக வேண்டும் என்று இன்னொருவர் வீட்டு மகளை மருந்தாக வாங்கிவருவது எந்த நியாயத்தில் சேரும்? பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்தால் நடப்பது இன்னும் கொடுமை. அவள் சம்மதமில்லாமல் ஒவ்வோர் இரவும் கழிகிறது. அதை நாம் குடும்ப வாழ்க்கை என்கிறோம்.

இதையெல்லாம் தாங்க முடியாமல் போனவர்களும் உண்டு. 2008 மே மாதம், ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு பெண்கள், வீட்டார் பிரிக்க முனைந்ததால் சென்னையில் சேர்ந்தே உயிரை விட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் செய்தித்தாளின் மூலையில் 'தோழிகள் தற்கொலை' என்று வந்து மறைந்துபோன வரிகள் எத்தனையோ. தோழிகள் என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லாது.

'இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தது' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கே வெளியிலிருந்து வந்தது தண்டனைதான். வெள்ளைக்காரர்கள் 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அது. அதே எண்ணிலேயே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனது. இலங்கையில் 365 என்ற எண்ணில் இருக்கிறது. தமிழர்கள் வாழும் இந்த நாடுகளில் சிங்கப்பூர் 2022இல் இந்தத் தண்டனையை நீக்கியது. இலங்கையிலும் மலேசியாவிலும் இன்னும் நீடிக்கிறது. இங்கே 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2013இல் உச்ச நீதிமன்றம் திரும்பப் பொருத்தியது, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்தவர்கள் மனம் ஒத்து நேசிப்பது குற்றமில்லை என்றார்கள். பக்கத்தில் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பீர்கள். முதல் பராந்தகன் காலத்தில் 919இல் தேர்தல் விதிகளை எழுதிய அதே சபை, 921இல் மறுபடி கூடி அந்த விதிகளைத் திருத்தி எழுதியது. இரண்டே வருஷம். நம் மண்ணில் விதியை மாற்றுவது அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. 377ஐ மாற்ற 158 வருஷம் ஆனது.

கல்யாண உரிமை இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், அதை நாடாளுமன்றம்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் இப்படி வாழும் இணைகள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நியமனதாரராகக் (நாமினி) குறிப்பிடலாம், ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதப்படலாம் என்று மத்திய அரசு 2024இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இது நம் ஊர் வங்கிக் கிளைக்கும் ரேஷன் கடைக்கும் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஓரிக்கையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல ஆசைப்படுகிறேன். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்மீது பாட வேண்டும் என்ற பல்லவ மன்னனின் ஆசைக்கு இணங்காததால், அவரைக் காஞ்சியைவிட்டுப் போகச் சொன்னான் மன்னன். சீடன் போனால் எனக்கு இங்கே என்ன வேலை என்று ஆழ்வாரும் புறப்பட்டார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். காஞ்சி இருண்டது. அவர்கள் மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் இந்த ஓரிக்கை. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

இந்தக் கதைக்கும் பாலீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. அப்படிச் சொல்ல நான் வரவும் இல்லை. வெளியே போ என்று ஒருவரைச் சொன்னபோது, கூட நடப்பதற்கு ஆள் இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிள்ளையைத் 'தலைமுழுகிவிட்டோம்' என்று பெற்றோர் கத்தும்போது, அங்கே சித்தி இருக்கிறாள், தாய்மாமன் இருக்கிறார், பக்கத்து வீட்டு ஆசிரியர் இருக்கிறார். யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரே ஓர் அத்தை, 'நீ வா கண்ணு, என் வீட்டில் இரு, அப்பாவிடம் நான் பேசுகிறேன்' என்று சொன்னால், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும். பெற்றோருக்கும் அது பெரிய உதவி. ஊரே எதிர்க்கவில்லை, ஒருவராவது நம் பிள்ளையை ஏற்றுக்கொண்டார் என்று தெரிந்தால், அவர்கள் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி லீலா சேத். அவருடைய மகன் எழுத்தாளர் விக்ரம் சேத். 2013 தீர்ப்பு வந்த பிறகு, வயது எண்பதைத் தாண்டிய அந்த அம்மையார், என் மகனை இந்தத் தீர்ப்பு குற்றவாளி ஆக்குகிறது என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார்.

எல்லாத் தாய்மாரும் அவரைப்போல இருக்க முடிவதில்லை. இதைச் சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே 22 அன்று சொன்னது. வேலூர்ப் பக்கத்தில், 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்துவைத்துவிட்டார்கள் என்று அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். உறவின் பெயரைச் சொல்ல அவ்வளவு பயம். அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் புரிந்துகொண்டார்கள். வீட்டில் அடித்தார்கள், குணமாக்கச் சடங்குகள் செய்தார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். என் மகளைக் கெடுத்துவிட்டாள் என்று தாய் துணைவியைக் குற்றம்சாட்டினார். வயது வந்த அந்தப் பெண் தான் விரும்பியவரோடு போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும் என்றது நீதிமன்றம். குடும்பம் அமைவதற்குக் கல்யாணம் ஒன்றே வழியில்லை, ஒருவர் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் சொன்னது. முதலில் அணுகியபோது கைகொடுக்காத போலீசாரையும் கண்டித்தது.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். இவை இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு, முக்கியமாக யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

நீங்கள் மேஜர் என்றால், 'காணவில்லை' என்று வீட்டில் புகார் கொடுத்திருந்தாலும், உங்கள் விருப்பப்படிதான் வந்தீர்கள் என்று வாக்குமூலம் கொடுத்ததும் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவைக்க வேண்டும். இது 2021 ஜூன் 7 தீர்ப்பில் இருக்கிறது. உங்களைத் துன்புறுத்துவது போலீசாருக்கே நடத்தை விதி மீறல். 2022இல் தமிழ்நாடு அரசு அதற்கென்று 24-சி என்ற விதியைச் சேர்த்திருக்கிறது. மனம் தாங்க முடியாத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் அவசரப்பட்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம். நம்பிக்கையான ஒரு பெரியவரிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ முதலில் பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. மாத்திரையாலோ ஷாக் வைத்தோ உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால், பணத்தையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. ஆனால் அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்ட வழிகாட்டியில், பெண்ணுக்குப் பெண் மீதான காதல் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மறுபடி இடம்பெற்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்கிறார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அவர் பெயரையும் சொன்ன மருந்தையும் ஒரு தாளில் எழுதித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். எழுதத் தெரியாது என்றால் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.